வீட்டில் ஆண்கள் எத்தனை பேர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பாரத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும், எந்தப் பிரதியை யாரும் படிக்கப் போவதில்லை, ஒரு கோப்பை எந்த அலமாரியில் வைத்தால் அது யார் கண்ணிலும் படாமலேயே போய்விடும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. என் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுத வைத்த பொய்ப் பதிவு ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கவில்லை, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்திருக்கவில்லை. இரண்டும் சில வாரங்களில் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட நினைத்தான். அதற்குப் பெயர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றும் எழுதத் தெரிந்தவர்கள் தற்காலிகமாகத் தேவைப்பட்டார்கள். எனக்கு மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் தெருவையும் அதன் பின்னால் இருந்த இரண்டு சந்துகளையும் கொடுத்தார்கள். ஒரு தோல்பை, ஒரு கையேடு, ஒரு டப்பா சாக்கட்டி. கையேட்டை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். மற்றவர்கள் அதை மழைக்குத் தலையில் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் வேலை வீடுகளுக்கு எண் போடுவது. முன்கதவின் இடப்புற நிலைக்காலில், கண் மட்டத்தில், மூன்று அங்குல உயரத்தில் எழுத வேண்டும் என்றது கையேடு. நான் அடிக்கோல் வைத்து அளந்து எழுதினேன். பதின்மூன்று வீடுகள் முடிந்ததும் எங்கள் வீடு வந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் தகரக் கூரைகளின் மேல் அசையாமல் நின்றது. கதவு திறந்திருந்தது, உள்ளே அம்மா மறுநாள் இடியப்பத்துக்காக வறுத்த மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் நிலைக்காலில் 14 என்று எழுதினேன். நான்கின் கடைசிக் கோட்டை இழுத்தபோது சாக்கட்டி கிறீச்சிட்டது.

சல்லடைச் சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். பார்வை என் மேல் இல்லை. என் கையில் இருந்த சாக்கட்டியின் மேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். ஆனால் அவள் ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"என்னம்மா?"

"எண்ணாத," என்றாள். "எண்ணாதடா. சத்தம் போடாத. லாரி நிக்குது."

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். லாரி எதுவும் இல்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில், நான் பார்க்கத் தவறிவிட்டேனோ என்று இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அதற்குள் அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கைவிரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கிக் கோழிக்காலைப் போல விறைத்தன. உதடு மரத்துப்போச்சு என்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "போறேன், தம்பி, நான் போறேன்," என்றாள். அப்பட்டமான மரண பயம். இன்று இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. என் பேத்தி கைப்பேசியில் தேடிக் காட்டினாள். அன்று எனக்குத் தெரிந்தது முதலுதவிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன். உடையைத் தளர்த்தினேன், கையைத் தட்டிவிட்டாள். காலை உயர்த்தினேன், உதைத்தாள். நாடித்துடிப்பைக் கடிகாரம் வைத்து எண்ணத் தொடங்கினேன். "ஒண்ணு, ரெண்டு" என்று என் வாயிலிருந்து வந்ததும் அவள் கண்கள் மேலே சொருகின. எண்ணாதே என்று சொன்ன மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணினேன். பயிற்சியில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தண்ணீர் கொண்டுவர அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது மாவுத் தட்டில் கால் இடறியது. செம்பிலிருந்த தண்ணீர் முழுவதும் சலித்த மாவில் கொட்டியது.

"அட பாவி!" என்றாள் அம்மா. "பச்சத் தண்ணியா ஊத்துற? வறுத்த மாவுக்கு வெந்நீர்தானடா ஊத்தணும்! களியாப் போச்சே! ரெண்டு சுப்பாக்கு மாவுடா அது! கண்ண எங்க வெச்சிட்டு நடக்கற?"

ஒவ்வொரு வசவுக்கும் ஒரு மூச்சு உள்ளே போனது, ஒரு மூச்சு வெளியே வந்தது. நான் அசையாமல் நின்று திட்டு வாங்கினேன். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கடைசியில், "தொடச்சிப் போடு," என்று சொல்லிவிட்டு, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் அவளை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டருக்குப் பதிலாக இருந்த உதவியாளர், டிரெசர், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி. வயசான பொம்பளைங்களுக்கு வரும் லா," என்றார். அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ரோஜா நிறத்தில் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். காலுக்கு வந்தவனுக்கும் காதுக்கு வந்தவனுக்கும் அன்று அதே நிறத்தில்தான் கொடுத்தார்.

விஷயத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுச் செட்டியம்மா. மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் கும்பிடுவது நம் சாமிகளை, கட்டுவது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது மலாய். நடுவில் அங்கங்கே தமிழ்ச் சொற்கள் மட்டும் கல் மாதிரி தட்டுப்படும். அம்மாவும் அவரும் வேலிக்கு இருபுறமும் நின்று பல வருடங்களாகப் பேசிவந்தார்கள். அவரவர் மொழியில் பேசி, அடுத்தவர் மொழியில் சிரித்துக்கொள்வார்கள்.

மருந்தகத்திலிருந்து நாங்கள் திரும்பியபோது செட்டியம்மா எங்கள் முன்கதவருகில் ஈரத் துணியோடு நின்று என் பதினான்கை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது அரசாங்க எண். அழித்தால் குற்றம்," என்றேன் மலாயில்.

"அப்படியா, அடேக்? என்னைப் பிடித்துக்கொண்டு போ," என்றார். மலாயில் அடேக் என்றால் தம்பி. "போகும்போது உன் அம்மாவுக்கு ஒரு கஞ்சி வைத்துவிட்டுப் போகிறேன்."

அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செட்டியம்மா துடைத்த வேகத்தில் சாக்கட்டி மட்டும் போகவில்லை. நிலைக்காலின் நீலச் சுண்ணாம்பும் ஏடு ஏடாக உரிந்தது. அதன் கீழே பழைய சுண்ணாம்பு. அதுவும் உரிந்தது. அதற்கும் கீழே, மரத்தின் மேல், தாரால் இழுத்த ஒரு கோடு தெரிந்தது. மூன்று அங்குல உயரம். என் பதினான்கு இருந்த அதே இடம், அதே கண் மட்டம்.

இருவரும் அதைப் பார்த்தோம். நான் அடிக்கோல் வைத்து அளந்து தேர்ந்தெடுத்த இடம் அது. எனக்கு முன்னால் எவனோ ஒருவன், வேறொரு கையேட்டைப் பார்த்து, அதே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

"ஜப்பான்காரன் காலத்தில் போட்டது," என்றார் செட்டியம்மா, குரலைத் தாழ்த்தி. "அது வீட்டு நம்பர் இல்லை. ஆள் கணக்கு."

என் அப்பா சாலை போடும் இலாகாவில் வேலை செய்தவர். ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள் என்பதும், அவர் திரும்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று தெரியாது. அன்று எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. 'வேலைக்குப் போயிருக்காரு, வருவாரு' என்றார்கள். அந்த வாக்கியத்தை அம்மா அதன் பிறகு மாற்றவே இல்லை. தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன.

செட்டியம்மா சொன்னது இது. ஒரு பிற்பகல், இதே போல வெயில். ஜப்பான்காரன் யாரும் வரவில்லை. ஒரு தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா, வந்தான். சின்ன வயது, மரியாதையான பேச்சு, சட்டைப் பையில் பேனா, தோளில் தோல்பை. அரிசி அட்டைக்குக் கணக்கு எடுக்கிறோம் அக்கா என்றான். வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டான். எந்த வீட்டில் ஆள் அதிகமோ அந்த வீட்டுக்கு அரிசி அதிகம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அம்மா, ஒருத்தர் இருக்காரு, அடுத்த வருஷம் பையனும் நல்லா சாப்பிடுவான் என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறாள். அவன் நிலைக்காலில் ஒரு கோடு இழுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் லாரி வந்தது. கோடு இருந்த வீடுகளில் மட்டும் நின்றது.

"என் வீட்டில் கேட்டபோது நான் யாரும் இல்லை என்று சொன்னேன்," என்றார் செட்டியம்மா. "காரணம் ஒன்றும் இல்லை. அவன் கேட்ட தமிழ் எனக்குப் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் நான் இல்லை என்றுதான் சொல்வேன். என் புருஷன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார்." துணியைப் பிழிந்தார். "இன்றைக்கும் குளித்துக்கொண்டுதான் இருக்கிறார்."

நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். சட்டைப் பையில் பேனா. தோளில் தோல்பை. வாசலில் நின்று நான் கேட்கப் போகும் கேள்வி, கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், அதே சொற்களில் இருந்தது.

அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்கப் போனபோது அம்மாவுக்கு இப்படி ஆகவில்லையே என்று யோசித்தேன். அப்போது நாம் அவர்கள் இடத்துக்குப் போனோம். வீடு தேடி வந்து யாரும் எண்ணவில்லை.

மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் மலாய்ப் பள்ளி ஆசிரியர். வாத்தியாருக்கு மலாயில் உள்ள மரியாதைச் சொல்லால் எல்லாரும் அவரைச் சிக்கு என்று அழைத்தோம். என் வீட்டை மட்டும் வேறொருவரிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன்? உன் வீட்டில் எண்ண முடியாத அளவுக்குக் கூட்டமா?"

"இரண்டு பேர்தான், சிக்கு."

"இரண்டு வரை எண்ணத் தெரியாதவனுக்கா இந்த வேலையைக் கொடுத்தேன்?" என்றார். அவரும் கையேட்டைப் படித்திருந்தார். ஒரு வட்டாரத்தைப் பிரித்துக் கொடுக்க விதி இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஆகவே அம்மாவைப் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய வயது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேனா இல்லை, பை இல்லை, சட்டைகூட இல்லை. சாரோங்கோடு அடுக்களையில் அவள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் வயதைக் கேட்டேன். பிறந்த ஊரைக் கேட்டேன். நான் பயந்துகொண்டிருந்த கேள்வியையும் கேட்டேன்: மணமானவரா, கணவனை இழந்தவரா?

"இருக்காரு. சயாம்ல இருக்காரு. எழுதிக்க," என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவு சுலபமாக.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "சரிம்மா, வீட்டுல ஆம்பளைங்க எத்தன பேரு?" என்றேன், விளையாட்டாகச் சொல்வது போல.

கத்தி நின்றது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதற்கு முன் அவள் முகத்தில் நான் பார்த்திராத சிரிப்பு. வெளியாளுக்குக் காட்டும் சிரிப்பு. மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க கிராணியாரே," என்றாள்.

"ம்மா."

"ஆம்பள யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான். போன தடவ தப்பா சொல்லிட்டேங்க. புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். இப்ப யாரும் இல்லீங்க."

"ம்மா, நான்தாம்மா. தம்பி."

"பையன் ஒருத்தன் இருந்தான். அவனும் செத்துட்டானுங்க," என்றாள் பணிவாக. "வேணும்னா உள்ள வந்து பாத்துக்கோங்க."

காலை பத்து மணி. சன்னல் வழியே வெயில் அடுப்படி வரை வந்திருந்தது. என் மேல் பட்ட வெயில் எனக்குச் சுட்டது. அதை நான் கவனித்துச் சரிபார்த்துக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெற்ற தாய் கண்ணெதிரே நின்று, 'ங்க' போட்டு, தன் மகன் செத்துவிட்டான் என்று உன்னிடமே சொன்னால், இல்லை என்று நிரூபிக்க எந்தப் பத்திரத்தைக் காட்டுவது?

பிறகு மூச்சு வந்தது, முன்பைவிட வேகமாக. விரல்கள் மடங்கின. இந்த முறை நான் நாடியைத் தொடவில்லை. எழுந்துபோய் மாவுப் பானையைக் கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே வைத்து, செம்புப் பச்சைத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். சொட்டு சொட்டாக, அவள் பார்க்கும்படி.

பார்த்தாள். கிராணி மாவில் தண்ணீர் ஊற்றினால் யார் என்ன கேட்க முடியும்?

நான் கையை விட்டுப் பிசைந்தேன். பிசைந்த கையை என் சாரோங்கில் துடைத்தேன். அந்தச் சாரோங்கை அவள் முந்தின நாள்தான் துவைத்துக் கஞ்சி போட்டிருந்தாள்.

"டேய்," என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "டேய், எரும. தொவச்ச துணிலயா தொடைக்கிற?"

"வேற எதுல தொடைக்கிறது?"

"உன் தலையில தொடச்சுக்கோ! மாவுல பச்சத் தண்ணி ஊத்தாதன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா? படிச்சவன்னு பேரு. ஒரு மாவுப் பானைய..." மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. நான் ஏறுக்கு மாறாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் திட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் யாருடனும் சண்டை போட்டதில்லை. இடையில் அழுதது நான்தான்.

தெளிந்த பிறகு, நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அல்லது இல்லை என்று சொன்னாள். "எண்ணிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க இல்ல, தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அப்பாவை நினைத்து அவள் பயப்படவில்லை. அப்பாவைத்தான் அவள் ஏற்கெனவே சொல்லிப் பறிகொடுத்துவிட்டாளே. இப்போது வீட்டில் இருக்கும் ஒரு ஆண் நான். மறுபடியும் ஒருத்தன் வாசலில் நின்று கேட்டு, மறுபடியும் அவள் வாய் 'ஒருத்தர்' என்று சொல்லிவிட்டால்?

கணக்கெடுப்பு இரவில் எங்களில் சிலரை ஆற்றுப் பக்கம் அனுப்பினார்கள். படகிலும் கடை நடைபாதையிலும் தூங்குபவர்களை எண்ண வேண்டும். விடிந்த பிறகு வந்து என் வட்டாரத்தை முடித்தேன். எங்கள் வீட்டுப் பாரத்தை வீட்டில் வைத்து எழுதவில்லை. சந்து முனையில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, அதன் இருக்கை மேல் வைத்து நானே கேட்டு நானே எழுதிக்கொண்டேன். பெண்: ஒருவர். ஆண்: ஒருவர். என் பெயர், வயது, தொழில். கேட்காமல் எழுதியது விதிமீறல். எழுதியது உண்மை. விதியா உண்மையா என்று வந்தால் உண்மையை எழுதிவிட்டு விதியை அனுசரித்தது போலக் காட்டிக்கொள்வது ஒரு நல்ல குமாஸ்தாவின் லட்சணம். அன்று அதைக் கற்றுக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துச் சிக்கு மறுபரிசோதனைக்கு வந்தார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு. அவர் தேர்ந்தெடுத்தது என் வீட்டை. "தன் வீட்டையே ஒழுங்காக எழுதியவன் மற்றதையும் ஒழுங்காக எழுதியிருப்பான்," என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நாற்காலி போட்டு முன்வாசலில் உட்கார்ந்தார். சொங்கோக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மறுபரிசோதனையின்போது கணக்கெடுத்தவன் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது, நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். நின்றேன். அம்மா கதவுக்குள், நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை அந்தத் தார்க் கோட்டின் மேல் இருந்தது.

சிக்கு நல்ல மனிதர். அம்மாவை மக் சிக், அத்தை, என்று அழைத்து, மெதுவாக, சந்தை மலாயில் கேட்டார். வயது. பிறந்த ஊர். புருஷன்?

"அடா. டி சியாம்," என்றாள் அம்மா. இருக்கிறார், சயாமில். சிக்கு தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டுகளில் எத்தனை வாசல்களில் இதே பதிலைக் கேட்டிருப்பாரோ.

"அன்றிரவு இந்த வீட்டில் ஆண்கள் எத்தனை பேர், மக் சிக்?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அவள் பார்வை தங்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்ப்பது போல என் வழியாகவே போனது. நிலைக்காலைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக வளையத் தொடங்கின. அந்த வெளியாள் சிரிப்பு வந்தது.

"தா அடா, துவான்." யாரும் இல்லை, ஐயா.

சிக்கு பாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாரத்தைப் பார்த்தார். பதில் ஒத்துப்போகாவிட்டால் கேள்வியை இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்பது விதி. வாயைத் திறந்தார். அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவது நான்கடி தள்ளியிருந்த எனக்குத் தெரிந்தது. மறுபடியும் ஒருமுறை கேட்டால் போதும். மாவுப் பானை உள்ளே எங்கோ இருந்தது. இருந்தாலும் இந்த வாசலில் அதைக் கவிழ்த்து என்ன பயன்? ஒன்று அவள் மூச்சு முட்டி விழுவாள், இல்லை 'ஒருத்தர்' என்று சொல்லிவிட்டு, சாகும்வரை லாரிக்குக் காத்திருப்பாள்.

"சிக்கு," என்றேன். "தவறு என்னுடையது. அன்றிரவு நான் ஆற்றுப் பக்கம் பணியில் இருந்தேன். இந்த வீட்டில் தூங்கவில்லை."

"பேசாதே," என்றார் பழக்கத்தில். பிறகு யோசித்தார். "அப்படியானால் அங்கே உன்னை எழுதிவிட்டார்களா? படகுப் பாரத்தில்?"

எழுதவில்லை. காலையில் எந்த வீட்டுக்கு வந்தேனோ அந்த வீட்டில்தான் என்னை எண்ண வேண்டும்; ஆறாம் பக்கம், இரண்டாம் பத்தி. படகுப் பாரங்கள் மூட்டை கட்டிக் கோலாலம்பூருக்குப் போய்விட்டன, இனி யாரும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மூட்டை கட்டியவன் நான்.

"எழுதிவிட்டார்கள், சிக்கு."

அவர் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். என்னிடம் கொடுத்து என் கையெழுத்தையும் வாங்கினார். என் பெயர், என் வயது, ஆண் என்ற சொல், எல்லாம் கோட்டுக்கு அடியில் தெளிவாகவே தெரிந்தன.

"சுடா பொத்தோங்?" என்று அம்மா கேட்டாள். வெட்டியாச்சா?

"வெட்டியாச்சு, மக் சிக். இந்த வீட்டில் ஆண் யாரும் இல்லை."

அவள் மூச்சு இறங்கியது. தோள்கள் இறங்கின. நிலைக்காலிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கோப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றாள் தமிழில், சர்வ சாதாரணமாக.

கோப்பி குடித்துக்கொண்டே சிக்கு என்னிடம், "எண்ணியவனைவிட உன் அம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி. அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாயாம். கொஞ்சம் கவனமாக இரு," என்றார். சரி சிக்கு என்றேன்.

அதன் பிறகு அம்மாவுக்கு அந்த மூச்சு வரவே இல்லை. அதற்கு ஒரு விலை இருந்தது. வீட்டுக்குள் நான் அவளுக்குத் தம்பிதான். எரும, படிச்ச முட்டாள், சாப்பிட வா, எல்லாம் உண்டு. ஆனால் வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நான் இல்லாமல் போனேன். காய்கறிக்காரன், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவன், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே பதில்: வீட்டுல ஆம்பள யாரும் இல்ல. சுதந்திர நாள் காலையில், ஊர்வலத்துக்கு அழைக்க வந்த என் கூட்டாளிகளிடமும் அதையேதான் சொன்னாள். நான் ஊர்வலச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

சில மாதங்கள் கழித்துத் தபால்காரர் என் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிட்டார். அரசாங்க முத்திரை போட்ட பதிவுத் தபால். நிரந்தர வேலைக்கான உத்தரவு என்று எனக்குத் தெரியும்; ஆறு மாதம் அதற்காகத்தான் காத்திருந்தேன். நான் முன்னறையில் நடுவில் நின்றிருந்தேன். ஓர் அடி எடுத்து வைத்தால் அவர் என்னைப் பார்த்திருப்பார்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்க," என்றாள் அம்மா.

"இந்த வீட்டு நம்பர்தானம்மா போட்டிருக்கு."

"இருந்தான். இப்ப இல்ல."

தபால்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு உறையின் மேல் என்னவோ எழுதினார். அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து, அதை நான் திரும்பப் பெறலாம். அதற்கு வழிமுறை உண்டு, மறுநாள் அப்படியே செய்தேன். ஆனால் அந்த நிமிடம் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு சீராக, நிதானமாக, எந்தத் தடையும் இல்லாமல் போய் வந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி சந்து திரும்பும்வரை, கால் விரல்கூட அசையாமல், நான்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.